மூன்றாம் மாடி எருமை

மூட்டைக்காரர் படுக்கையில் விழுந்த நான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, மூன்றாம் மாடியில் அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஓர் எருமை நின்றது. நன்றாக வளர்ந்த கடா. ஒரு கொம்பு சுவரைத் தொட்டது, இன்னொன்று மின்மீட்டர் பெட்டியைத் தொட்டது. படிக்கட்டின் அகலம் இரண்டரை அடி, எருமையின் வயிறு மட்டும் மூன்றடி. அது எப்படி ஏறி வந்தது என்று அந்தக் கட்டடத்தில் யாரும் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்ன இரண்டு பேரும் ஊரில் எது நடந்தாலும் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள். வேலைக்குப் போகக் கதவைத் திறந்த மூத்த மகளுக்கு எருமையின் விலாவில் மூக்கு இடித்தது. கதவைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள், அது அங்கேயேதான் இருந்தது. ஏழு மணிக்கு அவள் வேலையிடத்தில் இருந்தாக வேண்டும். சாப்பாட்டுத் தூக்கை முதலில் தரையோடு தள்ளிவிட்டு, புடவையை வழித்துக் கட்டிக்கொண்டு, அதன் வயிற்றுக்கு அடியில் தவழ்ந்து வெளியே போனாள். அடுத்த இரண்டு வருஷம் ஏழு மாதமும் அப்படித்தான் போய்வந்தாள்.

அவளை வீட்டில் பெரியவள் என்பார்கள். நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல், இருபத்தாறு வயதில் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை ரத்தக்கறை ஒரு பக்கம், மருந்துக்கறை ஒரு பக்கம், மற்ற அசிங்கம் ஒரு பக்கம் என்று பிரித்து, கொதிநீர் உருளையில் போட்டு எடுத்து, பிழியும் இயந்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நனைந்த விரிப்பு காய்ந்த விரிப்பைப்போல் மூன்று மடங்கு கனக்கும் என்பது அதைத் தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். சோடா கலந்த தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்களில் ரேகை அழிந்துவிட்டது. விரல் வைக்கச் சொல்லும் எந்த இயந்திரமும் அவளை அவள் என்று ஒப்புக்கொண்டதில்லை.

தகப்பன் சரக்குக் கொட்டகையில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை சுமந்தவர். ரயில் பெட்டிக்கும் கிடங்கு வாசலுக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருப்பார்கள், அதன் மேல் முதுகில் மூட்டையோடு நடப்பது அவர் தொழில். ஒருநாள் மத்தியானம், பலகை நடுவில், இடது பக்கம் செத்துவிட்டது. கூட்டாளிகள் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து வீட்டில் சேர்த்தார்கள். பேச்சு போயிற்று. இடது கையும் காலும் துணிபோலத் தொங்கின. வலது கையோ, மூட்டையின் மூலைக் காதைப் பிடித்துக்கொள்வதற்காக வலது காதுக்குப் பின்னால் தூக்கின நிலையில் அப்படியே நின்றுபோயிற்று. குளிப்பாட்டும்போது அதை இறக்கப் பார்த்தாள், இறங்கவில்லை. எண்ணெய் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், ஒருநாள் கோபத்தில் தொங்கிக்கூடப் பார்த்தாள். நரம்பு இழுத்துக்கொண்டது என்றார் டாக்டர். எலும்பும் தோலுமாக இருந்த அந்த மனிதரைப் புரட்டிப் போட நான்கு பேர் வேண்டியிருந்தது. இரும்புக் கட்டிலின் கால்கள் மூன்று தடவை வளைந்தன. மூன்றாம் தடவை பற்றவைக்க வந்த ஆள் கட்டிலில் என்ன யானையா படுக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனான். இரும்பு மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பெரியவள் முடிவு செய்திருந்தாள்.

எருமை வருவதற்கு முந்தின வாரம்தான் அவளுக்கு இன்னொரு சேதி வந்திருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் புது ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், அதன் சலவைக்கூடத்துக்கு அவள்தான் கண்காணிப்பாளர் என்று மேனேஜர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார். இனி அவள் தூக்க வேண்டாம், தூக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டால் போதும். கொதிகலனை விடியுமுன் பற்றவைக்க வேண்டியிருப்பதால் அங்கேயே தங்க வேண்டும், மேலே இரண்டு அறை தருவார்கள், வெயில் வரும் ஜன்னல். கட்டடம் முடிய இரண்டரை வருஷம் ஆகும், அதற்குள் வீட்டு நிலைமையைச் சரிசெய்துகொள் என்றார். அப்போதுதான் வாசலில் எருமை வந்து நின்றது. அதன் வயிற்றுக்கு அடியில் அவள் தவழ்வாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் கட்டிலோடு எப்படி வெளியே கொண்டுபோவது? அவர் போனால் அவள் போகலாம், இல்லை எருமை போனால் இரண்டு பேரும் போகலாம். இரண்டும் நடக்கவில்லை.

எருமை எதற்கு வந்திருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எமனுடைய வாகனம் ஒரு நோயாளியின் வாசலில் வந்து நின்றால் அதற்கு விளக்கவுரை வேண்டுமா? முதல் நாளே கட்டடம் முழுக்கப் படியில் வரிசை நின்று பார்த்துவிட்டு, பெரியவளிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசிவிட்டுப் போனது. சொந்தக்காரர்களுக்கு ஆள் போயிற்று. வெளியூரிலிருந்து நான்கு பேர் வந்து, இரண்டு நாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்து, ஒன்றும் நடக்காததால் கொஞ்சம் மனத்தாங்கலோடு திரும்பினார்கள். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. எருமை நின்றது, தகப்பன் கிடந்தார், எமனைக் காணோம். வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன டிரைவர் மாதிரி இருக்கிறதே என்று பெரியவள் சொன்னாள். எமன் கையில் பாசக்கயிறு இருக்கும் என்கிறார்களே, அந்தக் கயிறாவது இருந்தால் இதை ஓர் ஓரமாகக் கட்டிப்போடலாமே என்றும் சொன்னாள். அபசாரம் என்று பக்கத்து வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

தெய்வ வாகனமானாலும் சாணி சாணிதான். காலையில் ஒரு கூடை, மாலையில் ஒரு கூடை. இரண்டு பக்கெட் தண்ணீர் காலையில், இரண்டு பக்கெட் சாயங்காலம். மூன்றாம் மாடிக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது, கீழேயிருந்து தூக்கி வர வேண்டும். வைக்கோல் வாங்கிப் போட்டாள், தொடவில்லை. புல் போட்டாள், தொடவில்லை. கும்பிட வந்தவர்கள் கழுத்தில் போட்ட மாலைகளை மட்டும் தின்றது, நார் உட்பட. முதுகில் எதையும் வைக்கவிடாது. மழை நாளில் ஈரப் புடவையை அதன் மேல் காயப்போட்டுப் பார்த்தாள். தோலை ஒரு சிலுப்பு சிலுப்பியது, புடவை மூன்று படி தள்ளிப் போய் விழுந்தது. ஒரு பூவை வைத்தாலும் அதே சிலுப்பு. கட்டடத்துச் சொந்தக்காரர் தளம் தாங்காது என்று பத்து ஆட்களையும் வடக்கயிற்றையும் கொண்டுவந்தார். பத்து பேரும் மூச்சுப் பிடித்து இழுத்தார்கள், அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எருமை மேல் மழை பெய்த மாதிரி என்று காலங்காலமாகச் சொல்கிறார்களே, அதை அன்றைக்கு நேரில் பார்த்தார்கள். பொறியாளர் ஒருவர் வந்து தளத்தில் விரிசல் தேடினார். நடையில் ஒரு கீறல் இல்லை, உள்ளே கட்டிலுக்குக் கீழேதான் தரை இரண்டு விரல் பள்ளமாக இருந்தது. கட்டில் கால் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் மாடியில் வாத்தியார் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்றவர், பேச ஆள் கிடைக்காதவர். எருமை வந்தது அவருக்கு மறுபிறவி. தண்ணீர் பக்கெட்டோடு பெரியவள் ஏறும்போதெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு குறுக்கே நிற்பார். எமனுக்குத் தர்மராஜன் என்று பேர், ஆகவே எருமை தர்மம், அவசரப்படாது, ஆள் பார்க்காது என்றார் முதல் வாரம். அடுத்த வாரம், கறுப்பு எல்லா நிறத்தையும் விழுங்குவது, ஆகவே எருமை காலம் என்றார். அதற்கடுத்த மாதம், அம்பாள் காலடியில் கிடக்கிற அசுரனுக்கும் எருமைத் தலைதானே, ஆகவே அது நமக்குள் இருக்கிற மந்தம், அறியாமை, மிதிபட வேண்டியது என்றார். ஒரு சாமிக்குக் காலடியில் கிடக்கிறது, இன்னொரு சாமியைத் தூக்கிச் சுமக்கிறது, ஒரே மிருகத்துக்கு இரண்டு பாடா என்று பெரியவள் கேட்டாள். அங்கேதான் தத்துவம் இருக்கிறது என்று வாத்தியார் உற்சாகமானார். இரண்டாவது வருஷ முடிவில் அந்த நோட்டில் இருபத்தேழு அர்த்தங்கள் சேர்ந்திருந்தன. அவற்றை அவர் எண் போட்டு வாசித்துக் காட்டிய அன்றைக்குப் பெரியவளுக்கு இரண்டு தோளும் வீங்கியிருந்தது.

"இருபத்தேழு அர்த்தம் இருக்கு சார். ஒரு பக்கெட் தண்ணி தூக்க ஆளில்லை" என்றாள்.

வாத்தியார் அதையும் குறித்துக்கொண்டார்.

இதற்கிடையில் சாகிறவர்கள் பாட்டுக்குச் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான்காம் மாடியில் ஒருவர் மாரடைப்பில் போனார், எதிர்க் கட்டடத்தில் இரண்டு பேர். தரைத்தளத்துத் தையல்காரரின் அம்மா எண்பத்தொன்பது வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். இந்த எருமை தலையைக்கூடத் திருப்பவில்லை. தையல்காரருக்கு அது பெரிய குறையாகிவிட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகு மேலே வந்து, எங்கள் அம்மா என்ன குறைந்தவரா, ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒரு எட்டு கீழே இறங்கி வந்துவிட்டுப் போகக் கூடாதா என்று பெரியவளிடம் சண்டைக்கு நின்றார், ஏதோ அவள்தான் பிடித்து வைத்திருக்கிறாள் என்பதுபோல. தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், புண்ணியமாகப் போகும் என்றாள் அவள். தையல்காரர் கொஞ்ச நேரம் அதன் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

இளையவன் என்று ஒரு தம்பி இருந்தான், லிப்ட் பழுதுபார்க்கிறவன், நகரத்தின் மறுகோடியில் வீடு. முப்பது மாடிக் கம்பியில் தொங்குகிறவன், எருமையின் வயிற்றுக்கு அடியில் குனிய மாட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை வந்து படியில் நின்றபடியே பேசுவான். பழத்தை எருமையின் கால் சந்தில் உருட்டிவிடுவான். அப்பாவை நீ வைத்துக்கொள், நான் அக்கரைக்குப் போகிறேன் என்று பெரியவள் கேட்காத வாரம் இல்லை.

"அப்பாவைப் பார்த்துக்க மாட்டேன்னு நான் சொன்னேனா அக்கா? அது பின்னாடியே வந்துருச்சுன்னா? வீட்ல குழந்தைங்க இருக்கு."

"இங்க இருக்கிறது மட்டும் என்னடா, பொம்மையா?"

"உனக்குப் பழகிப்போச்சு" என்றான் அவன். அது உண்மை. பழகித்தான் போயிருந்தது. வேலை விட்டு வந்து, தவழ்ந்து நுழைந்து, தகப்பனைத் துடைத்து, கஞ்சி புகட்டி, தூக்கின கையைச் சுற்றி ஈரத்துணி சுற்றி, சாணி அள்ளி, தண்ணீர் வைத்து முடிக்கும்போது, இந்த மனிதர் இருக்கிறாரா போகிறாரா என்று ஒரு முடிவு தெரிந்தால் தேவலை என்று தோன்றும். முதலில் எப்போதாவது தோன்றியது, பிறகு வாரம் ஒரு முறை, பிறகு கஞ்சிக் கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோகிற ஒவ்வொரு தடவையும். அவர் அவளையேதான் பார்ப்பார். ஒரு தடவை அந்த நினைப்பு வந்ததும் தன் மேலேயே எரிச்சல் பொங்கி, வெளியே போய் எருமையைக் காலால் உதைத்தாள். பெருவிரல் வீங்கி, பதினைந்து நாள் செருப்புப் போட முடியவில்லை.

அக்கரைக் கட்டடம் தாமதமானது, பிறகு மறுபடி தாமதமானது, பிறகு முடிந்துவிட்டது. மேனேஜர் அம்மா கூப்பிட்டார். நல்ல மனுஷி, அதனால் சொல்லவேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். முதல் தேதி கொதிகலன் பற்றவைக்கிறார்கள், அதற்கு முந்தின புதன்கிழமை அவள் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறாள், அதற்குமேல் தன்னால் தாங்கிப் பிடிக்க முடியாது. பெரியவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து ரத்தக்கறை மூட்டையைப் பிரித்தாள். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அதில் ஆறாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கட்டையர் வந்தார். சரக்குக் கொட்டகையில் தகப்பனோடு முப்பது வருஷம் ஒரே வரிசையில் நடந்தவர், குட்டையான ஆள், அதனால் கட்டையர். கூட்டாளி விழுந்த பிறகு அவர் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. நன்றி கெட்ட மனுஷன் என்று பெரியவள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். குடலிறக்கத்துக்கு இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். எருமையைப் பார்த்து அவர் பயப்படவும் இல்லை, கும்பிடவும் இல்லை. முதுகில் ஒரு தட்டு தட்டி, தண்ணீர் காட்டினாயா என்று கேட்டுவிட்டு, முனகிக்கொண்டே அடியில் தவழ்ந்து உள்ளே வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கூட்டாளியின் தூக்கின கையைப் பார்த்தார். வளைந்த கட்டில் காலைப் பார்த்தார். தரையில் விழுந்திருந்த பள்ளத்தைக் காலால் தடவினார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அழுகைக்கு நடுவே அவர் சொன்னது இதுதான். மூட்டை சுமக்கிறவனின் முதுகிலிருந்து சொல்லாமல் மூட்டையை எடுக்கக் கூடாது. சுமக்கிறவனின் மூட்டையை வாங்கிக்கொள்ள வருகிறவன் தோளைக் கொடுத்து, பிடிச்சேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுமக்கிறவன் விட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கை மாறும். சொல்லாமல் எடுத்தால், கனத்துக்கு முறுக்கி நிற்கிற முதுகு திடீரென்று வெறுமையாகித் தண்டுவடம் முறிந்துவிடும், இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். அன்றைக்குப் பலகை முனையில் நின்று மூட்டையை வாங்க வேண்டியவர் கட்டையர்தான். பீடி பற்றவைக்க நான்கு எட்டு ஒதுங்கிப் போயிருந்தார். மூட்டைக்காரர் பலகை நடுவில் நின்று காத்திருந்தார். கீழே போட்டால் கூட்டத்தைவிட்டுத் தள்ளிவிடுவார்கள் என்பதால் அவர் போடவில்லை. நின்ற நிலையிலேயே பக்கவாதம் வந்தது. பின்னால் வந்த இரண்டு பேர் பதறிப்போய், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், பின்பக்கமாக மூட்டையை எடுத்துவிட்டார்கள்.

"எடுத்தது அவருக்குத் தெரியாதும்மா. இன்னும் சுமந்துக்கிட்டு இருக்காரு."

பெரியவள் கட்டிலைப் பார்த்தாள். மூன்று தடவை பற்றவைத்த இரும்பு, புரட்டிப் போட நான்கு பேர், இரண்டு விரல் பள்ளம். இத்தனை நாள் கடைக்காரனைத் திட்டினது நினைவுக்கு வந்தது. இந்த ஆள் அன்றைக்கு மறுநாளே வந்து சொல்லியிருந்தால் என்ன என்று நினைத்தாள். நினைத்ததில் பல்லைக் கடித்தாள், கட்டையருக்கே கேட்டிருக்கும்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம் மாமா. இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

கட்டையர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். கூட்டாளியின் கைக்குக் கீழே தோளைக் கொண்டுபோய், பிடிச்சேன் என்றார். மூட்டைக்காரர் கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தார், இடுப்புப் பட்டையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். கை அசையவில்லை. இரண்டாம் முறை சொன்னார், மூன்றாம் முறை சொன்னார். குடலிறங்கினவன் தோளுக்கு மூட்டை கொடுக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான் என்று கட்டையர் தலையைக் குனிந்துகொண்டார். அது நியாயம்தான், அவர் நியாயஸ்தர், ஆனால் வேறு யார் இருக்கிறார்கள் என்றார்.

வேறு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அந்த வீட்டில் எப்போது எழுந்தாலும் அதற்கு ஒரே பதில்தான். பெரியவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். கட்டிலோரம் முட்டி போட்டு உட்கார்ந்து, முதுகைத் தகப்பன் பக்கம் திருப்பி, வலது தோளை அந்தக் கைக்குக் கீழே கொடுத்தாள். கட்டையர் அவள் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, பிடரியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டினார். தகப்பனின் விரல்கள் அவள் தோளைத் தடவின. இருபத்துநான்கு வருஷம் நனைந்த விரிப்பு தூக்கின தோள். அந்த எலும்பையும் சதையையும் அவர் தொட்டுப் பார்த்ததே கிடையாது. சந்தையில் சாக்குத் தையலைச் சரிபார்க்கிற மாதிரி இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

"பிடிச்சேன்" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. எருமை வெளியே வாலை ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"பிடிச்சேன்னு சொல்றேன்ல. விடுங்கப்பா. எத்தனை நாளைக்குத்தான் நீங்களே வெச்சுக்கிட்டிருப்பீங்க?"

மூட்டைக்காரர் வாயைத் திறந்தார். துருப்பிடித்த தாழ்ப்பாள் விலகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, அதற்குப் பின்னால் சொல் வந்தது.

"விட்டேன்."

கனம் இறங்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மட்டமான சாக்கின் வாடை வந்தது, சணல் நார் கழுத்தைக் குத்தியது. நூறு கிலோவுக்கு ஒரு பிடி குறையாது. பிடரி நெரிந்தது, இரண்டு முட்டியும் தரையில் பதிந்தன. பின்னால் கட்டிலின் நான்கு கால்களும் கிறீச்சிட்டு நிமிர்ந்தன. கீழே போட்டுவிடாதே என்று கட்டையர் கத்தினார், போட்டால் மறுபடி அவர் தலைக்கே போய்விடும் என்றார். போட மாட்டேன், கத்தாதீர்கள் என்று சொல்லக்கூட அவளுக்கு மூச்சு இல்லை. ஒரு காலை ஊன்றினாள். இன்னொரு காலை ஊன்றினாள். கட்டிலிலிருந்து வாசலுக்கு ஒன்பது எட்டு, தினமும் நூறு தடவை நடக்கிற தூரம். அன்றைக்கு அது கால் மணி நேரம் பிடித்தது. மூன்று மாடி இறக்கிக்கொண்டு போய் எங்கே வைப்பது என்று நான்காவது எட்டில் யோசித்தாள். யோசிப்பதற்கு நேரமில்லை என்று ஐந்தாவது எட்டில் விட்டுவிட்டாள்.

வாசலில் எருமை முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு முன்னங்கால்களை மடக்கியது, பின்னங்கால்களை மடக்கியது, நிலைப்படிக்கு நேராக முதுகை இறக்கிக் கொடுத்தது. பத்துப் பேர் வடம் கட்டி இழுத்தும் அசையாதது, ஒரு பூவைக்கூடத் தாங்காதது. பெரியவள் நின்றாள். வாங்குகிறவன் சொல்லாமல் கொடுக்கக் கூடாதே. எருமை மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது, படிக்கட்டின் தூசியெல்லாம் கிளம்பியது.

"அது சொல்லிருச்சு. நீ சொல்லும்மா" என்றார் கட்டையர்.

"விட்டேன்."

எருமையின் முதுகில் நான்கு விரல் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்தது. அது எழுந்தது. இரண்டரை அடி நடையில் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு, சுமை ஏற்றின மாடு எப்படி இறங்குமோ அப்படி, ஒவ்வொரு படியிலும் கால் வைத்துப் பார்த்து இறங்கியது. இரண்டாம் மாடியில் வாத்தியார் நோட்டும் கையுமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இது எதைக் குறிக்கிறது என்று மேலே பார்த்துக் கேட்டார். தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் கழித்துக் கீழே வர வழி தெரிந்ததா என்று கேட்டார். தெருவில் ஒரு லாரிக்காரன் ஒலிப்பானை அடித்தான். எருமை நடுத்தெருவில் நிதானமாக நடந்து, முனையில் வலப்பக்கம் திரும்பிப் போயிற்று.

பெரியவள் படியிலேயே உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். வலது கை தானாக இறங்கி மார்பில் கிடந்தது. போய்விட்டார் என்றே இரண்டு பேரும் நினைத்தார்கள். கட்டையர் மறுபடி அழ ஆரம்பித்தார். மூட்டைக்காரர் குறட்டை விட்டார். ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்து, தண்ணீர் கேட்டார், ரயில் பெட்டி காலியாகிவிட்டதா என்று கேட்டார், காலியாகிவிட்டது என்று கட்டையர் சொன்னதும் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரை இப்போது ஒருத்தியே தூக்க முடிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி விரிப்பு வண்டியில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்த்திவைத்து அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்பும்போது தம்பி வந்து, எருமைதான் போய்விட்டதே, அப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்றான். பக்கெட்டுகளை ஏற்றச் சொன்னாள். ஏற்றினான்.

அக்கரையில் மூட்டைக்காரர் ஆறு வருஷம் இருந்தார். பேச்சு முழுக்கத் திரும்பியது, அது ஒரு தனி இம்சை. ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு கீழே வேலை செய்கிற பெண்களின் மூட்டைக் கட்டு சரியில்லை என்பார், கண்காணிப்பாளருக்கு அதட்டத் தெரியவில்லை என்பார், கஞ்சியில் உப்பில்லை என்பார். இந்த வாயைத் திறக்கவைக்கவா அந்தப் பாடு பட்டேன் என்று பெரியவள் தினமும் ஒரு தடவை கேட்பாள். எருமையைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை, பேச அதில் என்ன இருக்கிறது. ஆறாம் வருஷம் ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சேதி வந்தபோது உருளையில் எண்பது விரிப்பு சுற்றிக்கொண்டிருந்தது, பாதியில் நிறுத்தினால் கறை பிடித்துக்கொள்ளும். அது முடிகிறவரை நின்று, வால்வை மூடி, தண்ணீர் வடிந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள். அறை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். பழைய வீட்டுக் கதையெல்லாம் அவர்களுக்கும் எட்டியிருந்தது. எல்லோரும் படிக்கட்டையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எருமை வரலையாக்கா?" என்று உலர்த்தும் பிரிவுக்காரி கேட்டாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அது வந்துட்டுப் போயி ஆறு வருஷம் ஆச்சு. வழியை விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் உள்ளே போய், தகப்பனைத் துடைக்கச் சுடுதண்ணீர் வைத்தாள்.